பருந்துக்கு நான் போட்ட ‘தவறு’

மெடிக்கல் கடைக்கு மேலே, படியேறியதும் இடது கைப் பக்கம் இருக்கிற நீளமான அறைதான் எங்கள் அலுவலகம். ஆறு கம்ப்யூட்டர், ஆறு பெண்கள், ஒரு பொறுப்பாளர். அங்கே சேர்வதற்கு முன்னால் நான் கோவில்பட்டியிலேயே ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ‘பி.ஏ. படித்தவள், பிழையில்லாமல் தமிழ் எழுதுவாள்’ என்று கடைக்குப் புடவை எடுக்க வந்த ஒரு டீச்சர் சொல்லப்போய் இந்த வேலை அமைந்தது.

பொறுப்பாளர் நாகர்கோவில்காரர். என்னைவிட எட்டுப் பத்து வயது இளையவர். நாங்கள் அவரை சார் என்போம், அவர் எங்களை அக்கா என்பார். முதல் நாள் அவர் வேலையைச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

“அக்கா, வேற ஊர்ல ஒரு இயந்திரம் இருக்கு. இன்டர்நெட்டுல தமிழ்ல என்னென்ன எழுதிக் கெடக்கோ அத்தனையும் படிக்குது. படிச்சு, அதுல இருந்து ஒவ்வொரு விஷயமா எடுத்து ஞாபகம் வச்சுக்குது. தூத்துக்குடி ஒரு ஊரு. நெல்லு ஒரு பயிரு. இப்படி. சிலதுல அதுக்கு சந்தேகம் வரும். அத மட்டும் நம்மகிட்ட கேக்கும்.”

“எத்தன மணி நேரம் சார் படிக்கும்?” என்று கேட்டேன்.

“நிறுத்துறதே இல்ல. இப்ப நாம பேசிக்கிட்டு இருக்கும்போதும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கு.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பரீட்சை கிடையாது, முடிக்க வேண்டிய பாடம் கிடையாது, தெரிந்துகொள்வதற்காகவே ஒன்று ஓயாமல் படிக்கிறது என்பதை நம்பவே இரண்டு நாள் ஆனது.

திரையில் ஒரு வாக்கியம் வரும். அதற்குக் கீழே அது எங்கெங்கே படித்ததோ அந்த வரிகள் வரும். அதற்கும் கீழே மூன்று பொத்தான்: சரி, தவறு, தெரியவில்லை. முதல் வாரத்திலேயே என் திரையில் வந்தது இது: ‘எப்போதும்வென்றான் என்பவர் ஓர் அரசர்.’

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எப்போதும்வென்றான் என் வீட்டுக்காரர் பிறந்த ஊர். எட்டயபுரம் தாண்டி, ஓட்டப்பிடாரம் போகிற பக்கம். வாக்கப்பட்டு நான் போய் இறங்கிய ஊர். தவறு என்று போட்டு, பக்கத்திலிருந்த கட்டத்தில் ‘ஊர்’ என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து சார் கூப்பிட்டுக் காட்டினார். நான் போட்ட ஒரு திருத்தத்தை வைத்து அந்த இயந்திரம் தான் முன்பு படித்ததையெல்லாம் திரும்பப் புரட்டியிருக்கிறது. ‘எப்போதும்வென்றானுக்குப் பஸ் உண்டு’, ‘எப்போதும்வென்றானில் நல்ல மழை’ என்ற வரிகளைப் பார்த்து, எந்தப் பெயருக்குப் பஸ் போகிறதோ, எந்தப் பெயரில் மழை பெய்கிறதோ அது ஊராக இருக்கும் என்று தானே கண்டுபிடித்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கீழஈரால், புதியம்புத்தூர் என்று எங்கள் பக்கத்து ஊர்களை யாரையும் கேட்காமல் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போயிருக்கிறது. பார்த்தபோது கையெல்லாம் சிலிர்த்தது. ஒரு பிள்ளைக்கு ஓர் எழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பினால் அது அடுத்த நாலு எழுத்தைத் தானே எழுதிவைத்திருந்த மாதிரி இருந்தது.

கிறுக்குத்தனமும் செய்யும். ஒரு நாள், ‘மீனவர்கள் பெரிதும் நம்பி வாழும் உணவுப் பொருள் கடலை’ என்று கேட்டது. ‘கடலை நம்பி வாழும் மீனவர்கள்’ என்று யாரோ எழுதியிருந்ததை, நம் ஊர்க் கடலைமிட்டாய்க் கடலை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. என் பக்கத்து நாற்காலிக்காரி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவள் பிறந்தது கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். “கப்பல்ல போயி கடலை பறிக்கட்டும்” என்றாள்.

இப்படியே ஒரு வருஷம் போனது. என் ‘தவறு’கள் ஒன்றும் சோடை போகவில்லை என்று சார் அடிக்கடி சொல்வார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு வந்திருந்தது. மூன்றாவது பொத்தானை நான் தொட்டதே கிடையாது. தெரியவில்லை என்று எதற்குப் போட வேண்டும், பார்த்தாலே தெரிகிறதே என்று நினைப்பேன்.

அந்த மிதப்பில் இருந்த ஒரு கார்த்திகை மாதத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வாக்கியம்.

‘பூனைப்பருந்து ஒரு பறவை.’

‘பூனைப்பருந்து கசகஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து ஓட்டப்பிடாரம் வட்டாரக் கரிசல் நிலங்களுக்கு வருகிறது.’

‘பூனைப்பருந்து தரையில் உறங்குகிறது.’

பூனையையும் பருந்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுவிட்டது, கடலை கதைதான் என்று முடிவு கட்டினேன். பருந்து தரையில் தூங்குமா? பனி கொட்டுகிற நாட்டிலிருந்து ஒரு பறவை, தண்ணீருக்கே திண்டாடுகிற எங்கள் காட்டைத் தேடி வருமா? கீழே இருந்த சான்று வரிகளைப் படிக்கக்கூட இல்லை. தவறு, தவறு, தவறு என்று மூன்று தட்டுத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பத்து நாளில் அது திரும்பி வந்தது. முன்பு இரண்டு சான்று இருந்த இடத்தில் இப்போது நாலைந்து இருந்தன. மறுபடியும் தவறு போட்டேன். இந்த முறை கொஞ்சம் எரிச்சலோடு. மார்கழி பிறந்த வாரம் மூன்றாவது தடவையாக வந்தது. அன்றைக்குத்தான் சார் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, இந்தப் பருந்துக்கு நீங்க ரெண்டு தடவ தவறு போட்டிருக்கீங்க.”

“ஆமா சார். பருந்து எங்கயாவது தரையில ஒறங்குமா?”

“எனக்குத் தெரியாதுக்கா. நான் அத கேக்க வரல. நீங்க போட்டதுக்குப் பொறவு என்ன நடந்துருக்குன்னு பாருங்க.”

அவர் வேறொரு திரையைத் திறந்தார். பறவை பார்க்கிறவர்கள் தாங்கள் கண்டதை எழுதிவைக்கிற ஒரு வலைப்பக்கத்திலிருந்துதான் இயந்திரம் முதலில் அந்தச் செய்தியைப் படித்திருந்தது. நான் தவறு என்று சொன்னதும், ‘அப்படியானால் இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் சரியாக எழுதுவதில்லை போல’ என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து முன்பு படித்த மற்றவற்றையும் சந்தேகப் பட்டியலில் தள்ளிவிட்டது. எந்தக் கொக்கு எந்த மாதம் வரும், எது எந்த மரத்தில் கூடு கட்டும், எது என்ன தின்னும் என்று வரிசையாக நீண்டது. சார் விரலால் தள்ளத் தள்ள அந்தப் பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

“நீங்க இதுவர சொன்னது எல்லாமே சரியா இருந்துச்சு இல்லியா, அதனால அது உங்கள ரொம்ப நம்புது” என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. “தெரியலன்னா தெரியலன்னு போட்டுருங்கக்கா. அதுவும் அதுக்கு ஒரு பதில்தான்.”

வீட்டில்கூட என் பேச்சை யாரும் இவ்வளவு நம்பினது கிடையாது. டீ குடிக்கிற அவசரத்தில் நான் தட்டிய மூன்று தட்டை ஏற்றுக்கொண்டு, அது தான் படித்ததையே நம்பாமல் விட்டிருக்கிறது. அன்றைக்கு முதல்முறையாக ‘தெரியவில்லை’யை அழுத்தினேன்.

அந்த சனிக்கிழமை மத்தியானம் எப்போதும்வென்றானுக்குப் பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரருடைய அக்கா அங்கேதான் இருக்கிறார். நான் மைனி என்று கூப்பிடுவேன். வெள்ளாடும் செம்மறியுமாக ஒரு மந்தை வைத்திருக்கிறார். முப்பது வருஷமாக அந்தக் காடுகளில் நடக்கிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஊருக்கு மேற்கே புல் மண்டிய தரிசில் ஆடுகளை விட்டுவிட்டு ஓர் உடமரத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கரிசல் செருப்பில் அப்பி, அவர் நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் ஒவ்வொன்றும் ஒரு படி கனத்துவிட்டது.

“மைனி, தரையில படுத்து ஒறங்குற பருந்து உண்டுமா?”

“உண்டுமே. மழப் பருந்து. ஐப்பசி மழைக்கு வரும், பங்குனியில காணாமப் போயிரும். எதுக்குட்டி கேக்க?”

இவ்வளவுதான். ஒரு விநாடி யோசிக்கவில்லை.

“மரத்துல ஒக்காராதா மைனி?”

“இங்கன மரம் எங்க இருக்கு? இந்த உடமரத்துல முள்ளுதான் இருக்கு. அது புல்லுக்குள்ள எறங்கி ஒறங்கும். நீ எத்தன வருசமா இந்த ஊருக்கு வந்து போற, பாத்ததே இல்லியா?”

பார்த்ததில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு, வீட்டை விட்டால் பஸ். என்ன நடந்தது என்று சொன்னேன். இயந்திரம் படிக்கிறது, என்னிடம் கேட்டது, நான் இல்லை என்று சொல்லிவிட்டேன், அது என்னை நம்பிவிட்டது. மைனி சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அது இங்கன வந்து பாத்துச்சாக்கும்?”

“இல்ல மைனி. அதுக்குக் கண்ணே கெடையாது. யாரோ எழுதுனத படிச்சிருக்கு.”

“கண்ணு கெடையாதா?” மைனி கம்பை மண்ணில் ஊன்றிக்கொண்டார். “படிச்சே தெரிஞ்சிக்கிட்டா?”

“அந்தப் பருந்து எங்க இருந்து வருதுன்னும் அதுக்குத் தெரியும்.”

“எங்கன இருந்துட்டி? நானும் ஒவ்வொரு பங்குனியிலயும் நெனப்பேன், இதுக எல்லாம் எங்க போய் நிக்குமோன்னு. யாருகிட்ட போய்க் கேக்க?”

போனில் வரைபடத்தைத் திறந்து எப்போதும்வென்றானை விரலால் காட்டினேன். பிறகு மேலே தள்ளினேன். மதுரை போனது. மெட்ராஸ் போனது. “இன்னுமா?” என்றார். இன்னும் மைனி. டெல்லி போனது. “இன்னுமா?” இன்னும். வெள்ளையாக மலைகள் வந்தன, போயின. எந்த நாடென்று தெரியாத மஞ்சள் நிலம் வந்தது. கடைசியில் நிறுத்தி, “இங்கன இருந்து” என்றேன். மைனி போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி அந்தப் புல்வெளியைப் பார்த்தார். தினமும் பார்க்கிற இடம்தான். அன்றைக்கு அவர் பார்த்த பார்வை வேறாக இருந்தது.

வெயில் தாழ்ந்தது. ஆடுகளை ஒதுக்கிவிட்டு, சத்தம் போடாமல் என்னை ஒரு வரப்பில் உட்கார வைத்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வடக்கிலிருந்து ஒன்று, தரையோடு தரையாக, இறக்கையை லேசாக மேலே தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் மிதந்து வந்தது. சாம்பல் நிறம். பின்னாலேயே பழுப்பாக இன்னொன்று. கிழக்கே பார்த்தால் மூன்று. எங்கள் தலைக்கு மேலேயே ஒன்று போனது. அதன் முகம் வட்டமாக, ஆந்தை மாதிரி இருந்தது. எல்லாம் அந்தப் புல்லுக்கு மேலே சுற்றின. ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகக் காலைத் தொங்கவிட்டுப் புல்லுக்குள் இறங்கியது. இறங்கிய இடம் தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெறும் புல், அதற்குள் அத்தனை பருந்தும் படுத்திருக்கிறது. என் கன்னம் நனைந்திருந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது. கண்ணில்லாத ஒன்று, இந்த இடத்தைப் பற்றிச் சரியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு என்னிடம் மூன்று தடவை வந்து நின்றிருக்கிறது.

திரும்பும்போது மைனி சொன்னார்: “பகல்ல ஆட்டுக்குப் பின்னாலயே வருமே. ஆடு நடந்தா புல்லுல இருந்து வெட்டுக்கிளி எந்திக்கும் பாரு, அத புடிக்கத்தான். நம்ம மந்த எங்க போவுதோ அங்க வரும்.”

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக என் தவறுகளைத் திருத்தினேன். கசகஸ்தான் வரியின் சான்றுகளை இந்த முறை முழுக்கப் படித்துவிட்டு, மூன்றுக்கும் சரி போட்டேன். சந்தேகப் பட்டியலில் கிடந்தவை ஒவ்வொன்றாக மேலே ஏறி அதனதன் இடத்துக்குப் போக ஆரம்பித்தன. எல்லாம் திரும்புவதற்கு இரண்டு நாள் ஆனது. சோறு தின்னும்போதுகூட எழுந்துபோய் எழுந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைனி சொன்ன வெட்டுக்கிளி விஷயத்தையும் சேர்க்க முடியுமா என்று சாரிடம் கேட்டேன்.

“எழுதியிருந்தாத்தான் அதால படிக்க முடியும்க்கா. நீங்க பாத்தத, கேட்டத நேரா அதுக்குள்ள போட வழி இல்ல.”

“எங்கயாவது எழுதுனா?”

“எழுதுங்க. என்னைக்காவது படிக்கும்.”

அந்தப் பறவை பார்க்கிறவர்களின் வலைப்பக்கத்திலேயே எழுதினேன். இதுவரை பிறர் எழுதியதைச் சரி, தவறு என்று சொன்னவள். சொந்தமாக எட்டு வரி எழுத இரண்டு நாள் பிடித்தது. ‘எப்போதும்வென்றான் பக்கம் ஆடு மேய்க்கும் ஒருவர் சொன்னது’ என்று ஆரம்பித்து, மைனி சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். அவர் தன் கண்ணால் கண்டது எது, நான் கண்டது எது என்று பிரித்து எழுதினேன். ஒரு சொல்லைக்கூட ஜோடிக்கப் பயமாக இருந்தது.

தை மாதம், பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம் என் திரையில் ஒரு வாக்கியம் எழுந்தது. ‘பூனைப்பருந்து ஆட்டு மந்தையைத் தொடர்ந்து சென்று வெட்டுக்கிளிகளைப் பிடிக்கிறது.’ கீழே ஒரே ஒரு சான்று. என்னுடைய வரி. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எழுதி வாசலுக்கு வெளியே வைத்த ஒன்றை, உலகத்திலுள்ள அத்தனை எழுத்துக்கும் நடுவில் போய்க் கண்டுபிடித்துப் படித்து, என்னிடமே கொண்டுவந்து ‘இது உண்மையா’ என்று கேட்கிறது.

உண்மைதான். ஆனாலும் விரல் போகவில்லை. நான் எழுதியதற்கு நானே சரி போட்டால் அது சான்றாகுமா? சாரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, வேறொருவருக்கு மாற்றிவிடும்படி சொன்னார். மாற்றிவிட்டேன். அதற்கப்புறம் அது பல நாள் தலை காட்டவே இல்லை.

மாசிக் கடைசியில் ஒரு நாள் பக்கத்து நாற்காலிக்காரி என் தோளைத் தட்டினாள்.

“ஏட்டி, ஒன் மைனி என் திரையில வந்திருக்காவ.”

அவள் திரையில் அதே வாக்கியம். கீழே என் வரி. அதற்குக் கீழே இன்னொரு சான்று, சுழிசுழியாகத் தெலுங்கில். இதே இயந்திரம் தெலுங்கும் படிக்கிறது, ஒன்றில் படித்ததை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் என்று சார் முன்பு சொல்லியிருந்தார். அவளுக்குத் தெலுங்கு பேசத்தான் வரும். எழுத்து ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. அவள் வீட்டில் யாருக்குமே தெரியாது. அதனால் வாசித்துக் காட்டும் பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு குரல் வாசித்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“கொர்ரெலுன்னா செம்மறி. எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொல்லுவோம்” என்றாள். “செம்மறி நடந்து போனா மிடத எந்திக்குமாம். மிடதன்னா வெட்டுக்கிளி. அத புடிக்க இந்தப் பருந்து பின்னாலயே வருமாம். ஆந்திராவுல ஒரு ஆடு மேய்க்கிற ஆளு சொன்னாராம். அவியளுக்கும் கரிசக்காடுதானாம்.”

மைனி யாரென்று அந்த ஆந்திராக்காரருக்குத் தெரியாது, அவர் யாரென்று மைனிக்குத் தெரியாது. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஒவ்வொருவர் சொன்னதையும் யாரோ ஒருவர் எழுதப்போய், ஓயாமல் படித்துக்கொண்டிருந்த ஒன்று அந்த இரண்டு வரியையும் தேடியெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் என் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளாகவே ‘சரி’யை அழுத்தினாள்.

மாடிப்படியில் இறங்கி நின்று மைனிக்குப் போன் போட்டேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். ஆட்டு மணிச் சத்தம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

“அந்த ஆளு எத்தன ஆடு வச்சிருக்காராம்?” என்றார்.

“அது எழுதலியே மைனி.”

“கேட்டுச் சொல்லச் சொல்லு.”

“அங்க போயிக் கேக்கவெல்லாம் அதுக்குத் தெரியாது. படிக்கத்தான் தெரியும்.”

“சரி, அந்த ஆளு எழுதுற வரைக்கும் படிச்சிக்கிட்டே கெடக்கட்டும்” என்றார். உடனே, “ஏலே, ஏலே!” என்று எதையோ அதட்டினார். கிடாய் ஒன்று அடுத்தவர் பருத்திக் காட்டுக்குள் இறங்குகிறது என்று சொல்லி, போனை வைத்துவிட்டார்.